இரண்டாம் மதிப்பாளரின் கேள்வி

பிரேதத்தைக் குளிப்பாட்டக் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஹோலில் பாயில் இருந்த, செத்தவரின் பெண்சாதி ஞானாம்பிகை, தன்னைக் கட்டிப்பிடித்து அழுதவளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"தர்சினி, லப்டொப்புக்குச் சார்ஜ் இருக்கோ?"

மெல்லத்தான் கேட்டாள். ஆனால் செத்தவீட்டில் மெல்லக் கேட்பதுதானே எல்லாருடைய காதிலும் விழும். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் நிறுத்தி, ஒருத்தியை ஒருத்தி பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

"இருக்கு மாமி," என்றாள் தர்சினி. அவள் செத்துப்போன டொக்டர் கனகலிங்கத்தின் தங்கை மகள். யாழ்ப்பாணத்தில் ஆசுபத்திரி டொக்டர். இரவு முழுக்க நித்திரை இல்லாமல் கண் இரண்டும் சிவந்திருந்தது.

டொக்டர் கனகலிங்கம் முதல்நாள் பின்னேரம், தேத்தண்ணி ஆறமுன்னம், கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். மடியில் லப்டொப். திரையில் ஒரு வசனம் பாதியில் நின்றது. படுக்கையில் கிடக்காமல், ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல் போன நல்ல சாவு என்று ஊர் சொன்னது. ஞானாம்பிகைக்கு அதில் நல்லது ஒன்றும் தெரியவில்லை. அந்த வசனத்தையாவது முடித்துவிட்டுப் போயிருக்கலாமே என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கட்டுரையோடு அவள் பட்ட பாடு கொஞ்சமா? வேறு பெண்களுக்குச் சக்களத்தி என்று ஒருத்தி வந்தால் தலைமயிரைப் பிடித்து இழுத்தாவது துரத்தலாம். கட்டுரைக்குத் தலைமயிர் ஏது?

கட்டுரை எதைப் பற்றியது என்று கேட்டால் சிரிப்பீர்கள். மூக்கைப் பற்றியது. மானிப்பாய்க்குப் பக்கத்தில் ஒற்றை அறை டிஸ்பென்சரி வைத்திருந்த கனகலிங்கம், ஊர்ப்பிள்ளைகளின் மூக்குக்குள் இருந்து எடுத்த சாமான்களைப் பற்றியது. குன்றிமணி, புளியங்கொட்டை, கடலைப்பருப்பு, அழிறப்பர்த் துண்டு, சட்டையில் கழன்ற தெறி, ஒருமுறை கோயிலில் ஆட வந்த சின்னமேளக்காரியின் சலங்கை மணி. கடவுள் பிள்ளைகளுக்கு மூக்கை வைத்ததே எதையாவது உள்ளே தள்ளிப் பார்க்கத்தான் என்பது டொக்டரின் முடிந்த முடிவு.

சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லை, மயக்க மருந்து இல்லை, பிடித்து இழுக்க இருந்த ஒரே சாமணமும் கறள் பிடித்துப் போயிருந்தது. டொக்டர் தாயைக் கூப்பிடுவார். "பிள்ளையின்ரை வாயிலை வாயை வை. மற்ற மூக்கை விரலாலை பொத்து. இனி ஒரே ஊதாய் ஊது." ஊதினால் புளியங்கொட்டை பறந்துபோய்ச் சுவரில் அடிக்கும். பிள்ளைக்கு என்ன தெரியும்? அம்மா கொஞ்சினாள் என்று நினைத்துக்கொண்டு சிரிக்கும். ஊரில் அதற்குக் கொஞ்சு வைத்தியம் என்றே பெயர் வந்துவிட்டது. உலகத்தில் வேறு டொக்டர்மாரும் செய்கிற வைத்தியம்தான். ஆனால் ஓர் ஊர் முழுக்க, ஒரு தலைமுறை முழுக்கச் செய்து, பேர்விபரத்தோடு எழுதிவைத்தவர் தன்னைவிட வேறொருவரும் இல்லை என்று கனகலிங்கம் சாதித்தார்.

ஓய்வெடுத்த பிறகு அதைக் கட்டுரையாக எழுதி, தர்சினியையும் இரண்டாம் ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டு, மருத்துவச் சஞ்சிகைகளுக்கு அனுப்பத் தொடங்கினார். போன வேகத்தில் திரும்பி வந்தது. ஒருவர் நீளம் என்றார், ஒருவர் கட்டை என்றார், ஒருவர் எங்கள் வாசகர்களுக்கு மூக்கில் ஆர்வம் இல்லை என்றார். கடைசியில் இலண்டனிலிருந்து ஒரு சஞ்சிகை, திருத்தி அனுப்பினால் பார்க்கலாம் என்று இரண்டு மதிப்பாளர்களின் கேள்விகளோடு பதில் போட்டது.

முதலாம் மதிப்பாளர் நல்ல மனிசர். கட்டுரை இனிமையாக இருந்தது என்று எழுதியிருந்தார். இரண்டாம் மதிப்பாளர்தான் சனியன். குறித்த சில ஆண்டுகளில் ஒரு பிள்ளையின் மூக்கிலும் பற்றரி போகவில்லையே, அது எப்படி, பதிவில் பிழையோ என்று கேட்டிருந்தார்.

"பாத்தியே உவன்ரை கேள்வியை!" கனகலிங்கம் கதிரையை விட்டு எழும்பிக் குதித்தார். "ரேடியோ கேக்கவே பற்றரி இல்லாமல் சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தினனாங்கள். பிள்ளையின்ரை மூக்குக்கு எங்கை போறது?"

அந்தப் பதிலை அவர் ஆசை ஆசையாக எழுதினார். சண்டையில் மூடிக்கிடந்த கொழும்புப் பாதை திறந்த ஆண்டிலிருந்து மூக்குக்குள் பற்றரி வரத் தொடங்கியதை ஒரு வரைபடமாகவே போட்டார். அவரைச் சுருட்டிப் போட்டது அதற்கு அடுத்த கேள்வி. அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள்? வளர்ந்த பின் மூக்கில் ஏதும் குறை உண்டா? அது தெரியாவிட்டால் இது ஆய்வு அல்ல, வெறும் கதை.

"சரியாய்த்தான் கேட்டிருக்கிறான்," என்றார் கனகலிங்கம், அன்று இரவு சாப்பிடாமல். "பாதி கனடாவிலை, பாதி நோர்வேயிலை. நான் ஆரின்ரை வீட்டுக் கதவைப் போய்த் தட்டுறது?" இரண்டு தரம் தவணை கேட்டார். தந்தார்கள். மூன்றாம் தரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் எது என்றால், அவரைக் குளிப்பாட்டித் துடைத்து, வேட்டி கட்டி, பெட்டிக்குள் கிடத்திய இந்த நாள்தான்.

தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்தது. ஞானாம்பிகை பக்கத்தில் இருந்தாள். பெண்சாதி எழும்பிப் போகக்கூடாது, அது முறை. தர்சினி லப்டொப்பை ஒரு துவாயால் மூடிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"மாமி, நான் எடிற்றருக்கு ஒரு மெயில் போடுறன். மாமா செத்துப்போனார் எண்டு சொன்னால் இன்னும் நாள் தருவினம். அவையளும் மனிசர்தானே."

"நாளைத் தருவினம். ஆக்களை ஆர் தாறது?" என்றாள் ஞானாம்பிகை.

தர்சினிக்கு விளங்கவில்லை. ஞானாம்பிகை கையைப் பிடித்து அவளை வாசல் பக்கம் திருப்பினாள். பந்தலுக்குள் சனம் வந்துகொண்டிருந்தது. சைக்கிளில், ஓட்டோவில், வானில், மோட்டச்சைக்கிளில். கொழும்பிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்தவன் முகம் கழுவாமல் நின்றான். கலியாண வீட்டுக்குச் சொன்னால்தான் வருவார்கள். செத்தவீட்டுக்குச் சொல்லத் தேவையில்லை. கதை பேச்சு இல்லாதவன்கூட வருவான். 

"உதிலை நிக்கிறதிலை பாதி அவர் பாத்த மூக்குகள்," என்றாள் ஞானாம்பிகை. "இண்டைக்கு விட்டால் பேந்து எந்தக் காலம் பிடிக்கிறது?"

தர்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே பிடிபடவில்லை. பிறகு டொக்டர் புத்தி வேலை செய்தது. "ஆக்களைக் கண்டு விசாரிக்க, ஆய்வுக்குத் தந்த அனுமதிக் கடிதத்திலை இடம் இருக்குத்தான் மாமி. ஆனால் ஒவ்வொருத்தரிட்டையும் சம்மதம் கேக்கவேணும். கேக்காமல் எழுதேலாது."

"கேட்டால் போச்சு."

ஞானாம்பிகை சும்மா ஆள் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சராக இருந்து, ஒரு தலைமுறைக்கே காதைத் திருகியவள். 

முதலில் அகப்பட்டவன் பிரகாஸ். பஸ் ஓட்டுகிறவன், ஆள் கதவளவு. பெட்டியைச் சுற்றி வந்து, காலைத் தொட்டுக் கும்பிட்டு, ரீச்சருக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றான்.

"பிரகாஸ், உனக்கு அழிறப்பரெல்லோ?"

"என்ன ரீச்சர்?"

"மூக்கிலை. அழிறப்பர்தானே போட்டனி? இப்ப மூச்சு ஒழுங்காய்ப் போய் வருதோ? மூக்கடைப்பு, ரத்தம் வாறது, ஒண்டும் இல்லையோ? இதை அவரின்ரை கட்டுரையிலை எழுதச் சம்மதமோ? ஓம் எண்டு வாயாலை சொல்லு."

பிரகாஸ் பயந்துபோனான். அதிர்ச்சியில் புத்தி பேதலிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறான், கண்ணால் கண்டது இதுதான் முதல் தரம். "ஓம் ரீச்சர். ஒரு குறையும் இல்லை," என்றான்.

"பொய்," என்றாள் பின்னால் நின்ற அவன் மனைவி. "இரவிலை குறட்டை. பக்கத்து வீட்டு நாய் குரைக்குது."

"எடியே, செத்தவீட்டிலை..."

"ரீச்சர் கேக்கிறா. பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

குறட்டையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தர்சினி யோசித்தாள். அழிறப்பர் போன பக்கம் எது, குறட்டை எப்போதிருந்து என்று விசாரித்தாள். கலியாணத்துக்குப் பிறகுதான் என்று பிரகாஸும், கலியாணத்துக்கு முன்னமே இருந்ததை மாமியார் மறைத்துவிட்டா என்று மனைவியும் சொன்னார்கள். குறை உள்ளவர்கள் என்ற பகுதியில் கேள்விக்குறி போட்டு அவனை எழுதிவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்தாள்.

கதை பந்தலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம்? கனகலிங்கத்தின் பெரியப்பா மகன் மார்க்கண்டு ஓடி வந்தார். ஐயருக்கு ஆள் அனுப்பியது, பறைக்குச் சொன்னது, பெட்டி எடுத்தது எல்லாம் அவர்தான். அந்த ஊரில் அவர் இல்லாமல் ஒரு பிரேதமும் வீட்டை விட்டுப் போனதில்லை.

"ஞானம், என்ன வேலை செய்யிறாய்? ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்கினம். மனிசன் பெட்டிக்குள்ளை கிடக்குது, நீ மூக்கு விசாரிக்கிறியாம்!"

"மார்க்கண்டண்ணை, உங்கடை மூத்தவள் கஜானிக்குச் சட்டைத் தெறி. நீலம். இரவு மழைக்குள்ளை தோளிலை தூக்கிக்கொண்டு வந்தனீங்கள், நினைவிருக்கோ?"

மார்க்கண்டு தன் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்த மனிசன் இதுக்காகத்தான் சாப்பாடும் நித்திரையும் இல்லாமல் கிடந்தது. கடைசி வசனம் எழுதேக்கைதான் மூச்சு நிண்டது. இண்டைக்குக் கட்டுரை போகாட்டில் அவர் செய்தது வெறும் கதையாம். ஒரு வெள்ளைக்காரன் எழுதியிருக்கிறான். கதையோ அண்ணை அது? சொல்லுங்கோ."

மார்க்கண்டு சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குத் திரும்பினார். சற்று நேரத்தில் அவர் குரல் கேட்டது: "மூக்கு ஆக்கள் இந்தப் பக்கத்தாலை உள்ளை போங்கோ! மற்ற ஆக்கள் அந்தப் பக்கத்தாலை! தள்ளுப்படாதேங்கோ, எல்லாரையும் ரீச்சர் கேப்பா!"

அதன் பிறகு நடந்ததை அந்த ஊர் இன்னும் கதைக்கிறது. வெள்ளை வேட்டி கட்டிய ஆம்பிளைகள், சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திய பெண்கள், வரிசையாக வந்து பூப்போட்டு, காலைத் தொட்டு, ரீச்சருக்கு முன்னால் நின்று மூக்கை ஒப்புவித்தார்கள். "புளியங்கொட்டை, ரீச்சர். சுகமாய் இருக்கிறன்." "கடலை, ரீச்சர். மழைக்காலத்திலை கொஞ்சம் தும்மல்." ஞானாம்பிகை ஒவ்வொருவரையும் சம்மதம் கேட்டாள். தர்சினி ஒவ்வொரு பேரையும் மாமாவின் அட்டவணையில் தேடிப் பிடித்துத் தட்டினாள். பேர் இல்லாதவர்களும் வரிசையில் புகுந்தார்கள். ஒருத்தர் தனக்குக் காதுக்குள் பூச்சி போனது என்றார்.

"காது வேண்டாம். போய்த் தேத்தண்ணி குடியுங்கோ," என்றாள் ஞானாம்பிகை.

"காதையும் அவர்தானே பாத்தவர்?" என்று அவர் மனம் நொந்து போனார்.

நிருஷன் ஒரு பள்ளிக்கூடத்தில் அதிபர். கூட வந்த ஆசிரியர்களுக்கு முன்னால், "எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லை ரீச்சர், அது தம்பியாய் இருக்கும்," என்று மழுப்பிவிட்டு நழுவப் பார்த்தார். அவர் தாய் பின்னாலேயே வந்தாள். "இவன்தான் ஞானம், இவன்தான்! போஞ்சிக்கொட்டை! முளைக்கத் தொடங்கினாப் பிறகுதானே கண்டுபிடிச்சனாங்கள்!" ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். அதிபர் சம்மதம் தெரிவித்தார்.

ஒப்பாரியும் மாறிப்போனது. வழக்கமாக ராசாவே, தேரே என்று அழுகிறவர்கள், "என்ரை பிள்ளையின்ரை மூக்கைத் திறந்தியே, உன்ரை கண்ணை மூடினியே," என்று புதிதாகக் கட்டி அழுதார்கள். 

பிரேதப் பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைப் பொடியன் சுபாஸ், வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்க்க நேரலை போட்டிருந்தான். அதில் ஆழ்ந்த அனுதாபங்களும் கும்பிட்ட கைகளும் ஓடிக்கொண்டிருந்த இடத்தில், இப்போது வேறு செய்திகள் வரத் தொடங்கின. 'நான் குன்றிமணி. ஒஸ்லோவில் இருக்கிறேன். சுவாசம் நல்லம். சம்மதம்.' 'பாசி மணி, இரண்டு மூக்கும். ஸ்காபரோ. டொக்டர் மாமாவின் ஆத்மா சாந்தியடையட்டும்.' சுபாஸ் வாசிக்க வாசிக்கத் தர்சினி தட்டினாள். 

மகன் சிவகரன் கனடாவிலிருந்து வீடியோவில் வந்தான். ரிக்கற் கிடைத்து வந்துசேர மூன்று நாளாவது ஆகும், அதுவரை உடம்பை வைத்திருக்கக்கூடாது என்று தகப்பன் எப்போதோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முகம் வீங்கிப்போயிருந்தது.

"அம்மா... நீங்கள் எப்பிடி இருக்கிறியள்?"

"நான் இருக்கிறன். தம்பி, உன்ரை மூக்கு எப்பிடி?"

"அம்மா!"

"கொப்பற்றை முதல் கேஸ் நீதான். கச்சான் கொட்டை. அவர் சொல்லித்தர நான் ஊதினனான். உன்னை எழுதாமல் விட்டால் கணக்குப் பிழைக்கும்."

சிவகரன் அழுதுகொண்டே சிரித்தான். "நல்லாய் இருக்குது அம்மா. இப்ப அழுததாலை மட்டும் அடைச்சிருக்கு," என்றான்.

"அதை எழுதத் தேவையில்லை," என்று தர்சினியிடம் சொன்னாள் ஞானாம்பிகை.

வெயில் சாயத் தொடங்கிய நேரம் தவமலர் வந்தாள். வரிசையில் நின்றவர்கள் தாங்களாகவே விலகி அவளுக்கு வழி விட்டார்கள். அவளுடைய மகன் மயூரதன் கடைசிச் சண்டையில் வன்னியில் காணாமல் போனவன். அன்றிலிருந்து அவள் போகாத கந்தோர் இல்லை, கொடுக்காத மனு இல்லை. ஞானாம்பிகைக்கு அந்தப் பேர் அட்டவணையில் இருப்பது தெரியும். ஆனாலும் தவமலரிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

தவமலர் பூவைப் போட்டுவிட்டு அந்த இடத்திலேயே நின்றாள். "ரீச்சர், எல்லாரையும் கேக்கிறியள். எங்கடை மயூரதனை ஏன் கேக்கேல்லை?"

வரிசையில் நின்றவர்கள் ரீச்சரைப் பார்த்தார்கள்.

"அவனுக்கும் டொக்டர்தானே பாத்தவர். வேப்பங்கொட்டை. நான்தான் ஊதினனான்." தவமலர் தர்சினியின் பக்கம் திரும்பினாள். "எழுதும் பிள்ளை. நான் கடைசியாய்க் கண்ட நாள்மட்டும் அவனுக்கு மூக்கிலை ஒரு குறையும் இல்லை. அந்தச் சனத்துக்குள்ளை, அந்த மழைக்குள்ளை, எல்லாருக்கும் தடிமன். அவனுக்கு ஒரு தும்மல்கூட இல்லை."

தர்சினி தலை நிமிராமல் தட்டினாள். ஞானாம்பிகை கண்ணாடியைச் சரிசெய்து திரையைப் பார்த்தாள். சுகமாய் இருப்பவர்கள், குறை உள்ளவர்கள், தொடர்பு அற்றவர்கள் என்று மூன்று பகுதி இருந்தது. மயூரதனின் பேர் மூன்றாவதில் விழுந்திருந்தது.

"உதிலை போடாதை."

"மாமி, முறைப்படி உதுக்குள்ளைதான் வரும்," தர்சினி காதோடு சொன்னாள்.

"பெத்த தாய் வந்து நிண்டு சொல்லுறா. பேந்தென்ன தொடர்பு அறுந்தது? அவ சொன்னதை அப்பிடியே போடு. கடைசியாய்க் கண்ட நாள்மட்டும் நல்ல சுகம்."

தர்சினி மூன்று தலைப்பையும் ஒருக்கால் மேலிருந்து கீழே வாசித்தாள். "அப்பிடி எழுதுற முறையும் இருக்குத்தான் மாமி," என்றாள். கடைசியாகக் கண்ட நாள்வரை சுகம் என்று நாலாவதாக ஒரு பகுதி திறந்து, மயூரதனை அதில் எழுதினாள். 

"அதுதான் சரி," என்றாள் தவமலர். வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு போய்ப் பெண்களோடு இருந்துகொண்டாள். ஞானாம்பிகைக்கு, தான் இவ்வளவு காலமும் பகிடி பண்ணிய கட்டுரைக்குள் இவ்வளவு பேர் குடியிருக்கிறார்கள் என்று அந்த மனிசன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவர்மேல் ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

ஐயர் வந்துவிட்டார். கிரியைக்காக உரலில் சுண்ணம் இடிக்கத் தொடங்கியாயிற்று. பறைச் சத்தத்தில் வீட்டுக் கண்ணாடிகள் அதிர்ந்தன. தர்சினி சதவீதங்களை வாசிக்க, ஞானாம்பிகை மனக்கணக்கில் பார்த்து ஓர் இடத்தில் பிழை பிடித்தாள். பாதியில் நின்ற வசனத்துக்கு வந்தார்கள். 'இந்தப் பிள்ளைகள் பின்னாளில்' என்பதோடு நின்றிருந்தது.

"இதை என்னெண்டு முடிக்கிறது மாமி? தகவல் எங்கை எடுத்தது எண்டும் எழுதவேணும்."

"உள்ளதை எழுது. முதலாம் ஆசிரியரின்ரை செத்தவீட்டிலை நேரிலை கண்டு விசாரிச்சது."

"அந்த ரெண்டாவது ரிவியூவர் என்ன சொல்லுவாரோ தெரியாது."

"கேள்வி கேட்டவர் அவர்தானே. மறுமொழியையும் வாசிக்கட்டும்."

திரையில் மூன்று தரம் வட்டம் சுற்றிச் சுற்றி, லைன் ஒருக்கால் அறுந்து, சுபாஸின் போனிலிருந்து இணைப்பு எடுத்து, கோப்பு ஏறியது. தர்சினியின் விரல் ஓர் இடத்தில் நின்றது.

"மாமி, இதிலை ஒரு சின்னப் பெட்டி இருக்கு. ஆசிரியர் காலமாகியிருந்தால் சரி போடச் சொல்லுது." அவள் லப்டொப்பை மாமியின் பக்கம் தள்ளினாள். "என்னாலை ஏலாது."

ஞானாம்பிகை அவள் கையைப் பிடித்து, அவள் விரலாலேயே அந்தப் பெட்டியில் அழுத்தினாள். பிறகு அனுப்பு என்ற இடத்திலும் அழுத்தினாள். நன்றி, கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. ஹோலில் இருந்தவர்களுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. பந்தலுக்குள் யாரோ கை தட்டத் தொடங்கி, செத்தவீடு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

"ஞானம், நேரம் போகுது," என்றார் மார்க்கண்டு மெல்ல. "வாய்க்கரிசி போட்டாச்சு. மூடட்டோ?"

காலையிலிருந்து தலைமாட்டில் இருந்தவள் அவள். ஆனால் வாசலைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், எல்லாருடைய மூக்கையும் பார்த்தாள். அவர் முகத்தை மட்டும் ஒருதரமும் நேராகப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க வேலை இருந்தது. இப்போது வேலை முடிந்துவிட்டது.

குனிந்து பார்த்தாள். திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்து, வடிவாகத்தான் இருந்தார். இரண்டு மூக்கிலும் பஞ்சு அடைத்திருந்தது.

ஞானாம்பிகை கையை நீட்டினாள். உள்ளே தள்ளிவிடாமல், விரல் நுனியால் மட்டும் பிடித்து, மெல்ல மெல்ல ஒரு பக்கத்துப் பஞ்சை எடுத்தாள். பிறகு மற்றப் பக்கத்தையும் எடுத்து, இரண்டையும் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, அது எடுக்கக்கூடாது," என்றான் சுபாஸ் பதறி. "பேந்து..."

மார்க்கண்டு அவன் தோளில் கையை வைத்து நிறுத்தினார்.

"இப்ப மூடுங்கோ," என்றாள் ஞானாம்பிகை.

பெட்டியைத் தூக்கினார்கள். பிரகாஸும் அதிபர் நிருஷனும் முன்பக்கம் பிடித்தார்கள். பறை முன்னே போக, சனம் பின்னே போனது. சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. படலைவரை போய் நின்று, சத்தம் ஒழுங்கைத் திருப்பத்தில் தேயும்வரை பார்த்துவிட்டு, திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவினார்கள்.

தர்சினி தண்ணீர் அள்ளி ஊற்றினாள். ஞானாம்பிகை ஒரு கையாலேயே காலையும் முகத்தையும் கழுவினாள். மற்றக் கையைத் திறக்கவில்லை.